பஷீர் வீட்டுக்கு வந்த வெளிமான்

வேதாரண்யத்தில் ஒரு படத்துக்கு ஹார்ட் போட்டால், படத்தில் இருப்பது மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹார்ட் போட்டவர் வாசலில் வந்து நிற்கும் என்பது இப்போது பால் ஊற்றுகிறவர் வரைக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் முதன்முதலாக அந்த மார்கழியில் ஒரு பூநாரை வீட்டோடு சேர்ந்த தன் மருந்துக் கடைப் படியில் ஒற்றைக்காலில் நின்றபோது மரகதவல்லி அதை, கடை திறக்கும் முன்பே சீட்டோடு வந்துவிட்ட வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். ஒன்பது மணிக்குத்தான் திறப்போம் என்று சொல்லவும் செய்தார். பூநாரை காலை மாற்றிக்கொண்டு காத்திருந்தது.

மரகதவல்லிதான் ‘வேதை ஒளிப்பட நண்பர்கள்’ வாட்ஸ்அப் குழுவின் அட்மின். குழுவில் நாற்பது பேர். பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப் பேர் ஓய்வு பெற்றால் பொழுதை எப்படித் தள்ளுவது என்று இப்போதிருந்தே ஒத்திகை பார்ப்பவர்கள். ஒருவரும் படம் பிடிக்கக் கற்றவர் இல்லை. கோடியக்கரைக் காடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, எந்தெந்த தேசத்துப் பறவைகளோ வந்து இறங்குகின்றன, கையில் போன் இருக்கிறது, அப்புறம் என்ன வேண்டும். காலையில் உப்பளத்து நாரை வரும், மத்தியானம் யாரோ சுற்றுலா போன இடத்து அருவி வரும், சாயங்காலம் மூக்கு முளைத்த கத்தரிக்காயும், நாய்க்குட்டிக்குப் பக்கத்தில் தூங்கும் கோழியும், தலைகீழாக எழுதிய கடைப் பலகையும் வரும்.

குழுவுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யார் எந்தப் படம் போட்டாலும் மற்ற முப்பத்தொன்பது பேரும் ஹார்ட் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆகவே பல் துலக்கிக்கொண்டும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டும் சாமி கும்பிட்டுக்கொண்டும் ஒற்றை விரலால் மேலிருந்து கீழே வரிசையாக ஹார்ட் போட்டுக்கொண்டே போவார்கள், ஒருமுறை யாரோ தவறிப்போய் அனுப்பிய மளிகைச் சாமான் சீட்டுக்குக்கூட முப்பத்தொன்பது விழுந்தது.

இந்தச் சட்டத்தால் ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் குஞ்சிதபாதம். உப்புத் துறை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற அறுபத்து நான்கு வயது மனிதர். விடிந்ததும் மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, கண்ணால் பார்த்துக் கையால் திருகித் தெளிவு வைக்க வேண்டிய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் காட்டோரம் போய்விடுவார், தினம் மூன்று படம் போடுவார், ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு நிமிடம் குரலில் பேசி விளக்கமும் போடுவார். வீட்டுக்கு வந்து மனைவி தையல்நாயகியிடம், "இன்னைக்கும் முப்பத்தொன்பது" என்பார். அந்த அம்மாள், "சரி, கை கழுவிட்டு வாங்க" என்பார். தன் படங்களை முப்பத்தொன்பது பேர் பார்க்கிறார்கள் என்ற ஒரே தெம்பில்தான் அவர் நாள் ஓடியது. கூடவே அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்தது, லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறது, எல்லாம் ஒரு மாதிரி பால் கலந்த தண்ணீராகத் தெரிகிறது என்று. அதனால் அந்த மார்கழியில் கேமராவைத் தஞ்சாவூருக்கு ரிப்பேருக்கு அனுப்பியிருந்தார். பூநாரை வந்த நேரத்தில் அவர் புதிதாகப் போட்ட படம் ஒன்றுகூடக் குழுவில் இல்லை.

பூநாரை, ஜெராக்ஸ் கடை பஷீர் அகமது எடுத்த படத்திலிருந்து வந்தது. மரகதவல்லிதான் முதல் ஹார்ட் போட்டவர் என்பதால் முதல் நாள் அவர் வீட்டில் இருந்தது, மறுநாள் இரண்டாவதாகப் போட்டவர் வீட்டுக்கு நடந்து போனது, அப்புறம் மூன்றாவது. ஹார்ட் விழுந்த வரிசையை ஒரு நாளும் தப்பவில்லை. நான்காம் வீட்டிலேயே ஊர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இது எப்படி என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, வந்த விருந்தாளிக்கு என்ன போடுவது என்ற உருப்படியான கேள்விக்கு வந்துவிட்டது. துணி ஊறவைக்கும் அன்னக்கூடையில் சேறு கரைத்து, கூனி இறாலைத் தூவி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எட்டாம் வீட்டில்தான் நன்றாகக் கவனித்தார்கள், பதினோராம் வீட்டில் சேறு கெட்டியாகிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார்கள். வனக்காவலர் ஒருவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ‘வழி தவறி வந்தது’ என்று எழுதிக்கொண்டார், பத்து வீட்டில் பத்து முறை அதையே எழுதிய பிறகு, குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நாற்பதுக்கு மேல் இல்லை என்று மரகதவல்லி கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்குள் அந்த மார்கழியில் போட்ட ஹார்ட்டெல்லாம் பலிக்கத் தொடங்கின. ஊட்டிக்குப் போய் வந்தவர் போட்ட மூடுபனி, பயந்து ஹார்ட் போடாதவர்கள் வீடு போக, இருபத்தேழு வீடுகளுக்குள் புகுந்து வீட்டுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தது, துணி காயவில்லை, அப்பளம் நமுத்துப்போனது, ஆனால் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் வேலை முடிந்து வரும் வழியில் அந்தந்த வீட்டுக் கூடத்தில் அரை மணி நேரம் குளிரக் குளிர உட்கார்ந்துவிட்டுப் போனதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் கட்டில்காரர் வந்தார். கருப்பம்புலத்து அய்யாக்கண்ணு என்பவர் மகள் வீட்டுக்கு மொபெட்டில் கட்டிலைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு போனதை யாரோ வேடிக்கையாகப் படம் எடுத்துப் போட, இருபத்திரண்டு ஹார்ட் விழுந்துவிட்டது. பாவம், அந்த மனிதர் இருபத்திரண்டு நாள் காலை ஆறு மணிக்குக் கட்டிலோடும் மொபெட்டோடும் ஏதாவது ஒரு வாசலில் நின்றார். முதல் வீட்டில் வாய்க்கு வந்தபடி திட்டினார், ஐந்தாம் வீட்டில் காபிக்குப் பதில் இளநீர் கேட்டார், பத்தாம் வீட்டில் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டுத் தூங்கினார், இருபத்திரண்டாம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஏழாம் வீட்டுப் பையனுக்கும் பதினான்காம் வீட்டுப் பெண்ணுக்கும் நிச்சயமே பண்ணி வைத்துவிட்டார். கட்டில் போய்ச் சேர வேண்டிய மகள்தான் அதுவரை பாயில் படுத்தாள்.

இதற்கு மேல் விட்டால் சரிப்படாது என்று மரகதவல்லி குழுவில் குரல் பதிவு போட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. யானை, பாம்பு, அருவி, ரோட்டுல போற மனுஷங்க, இதுக்கெல்லாம் கும்பிடு மட்டும் போடுங்க. கும்பிடுக்கு எதுவும் வரல, நான் போட்டுப் பார்த்துட்டேன். பெரிய கோயில் படம் போட்டவர் உடனே எடுத்துடுங்க. நம்ம தெரு அகலம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும்."

அன்றுதான் அந்தக் குழுவில் இருப்பவர்கள் முதன்முதலாகப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு வரப்போகிறது என்றால் பார்க்காமல் முடியுமா? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் துழாவி, புதருக்குள் வேறு ஏதாவது பதுங்கியிருக்கிறதா என்று வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விரலை வைத்தார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் தஞ்சாவூரிலிருந்து குஞ்சிதபாதத்தின் கேமரா திரும்பி வந்தது. லென்ஸில் ஒரு குறையும் இல்லை என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். குஞ்சிதபாதம் அதை நம்பவில்லை, ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார், தினம் மூன்று படம், மூன்று விளக்கம். ஒரு ஹார்ட் விழவில்லை. இரண்டாம் நாளும் விழவில்லை. இருபது நாள் போயிற்று.

படங்களில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஒன்றில் வெள்ளையாக ஏதோ வழிந்திருந்தது, ஒன்றில் பழுப்பும் பச்சையும் கலங்கியிருந்தன, ஒன்றை யாரோ கஞ்சித் தண்ணீர் என்றார்கள், வீட்டுக்குக் கஞ்சித் தண்ணீர் வந்து என்ன ஆகப்போகிறது? பின்னால் தள்ளிப் பழைய படங்களைப் பார்த்தவர்கள் அவையும் அப்படித்தான் இருக்கக் கண்டு திடுக்கிட்டார்கள். இரண்டு வருஷத்துப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் முப்பத்தொன்பது ஹார்ட். மனிதருக்குப் படம் எடுக்கவே வரவில்லை, இதை எப்படி அவரிடம் சொல்வது என்று ஒருவருக்கொருவர் தனியாகப் பேசிக்கொண்டார்களே தவிர, அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை.

குஞ்சிதபாதம் மருந்துக் கடைக்கு வந்து கேட்டேவிட்டார்.

"என்னம்மா, நான் என்ன தப்புப் பண்ணேன்? எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி என்னை ஒதுக்குறீங்க?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லண்ணே. வீட்டுக்கு வந்துடும்னு எல்லாருக்கும் பயம்."

"தவிட்டுக் குருவிக்கு என்ன பயம்? நேத்து போட்டது தவிட்டுக் குருவிதானே?"

மரகதவல்லி மாத்திரை அட்டைகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார். அன்று இரவு குஞ்சிதபாதம் சாப்பிடவில்லை. ஆறு மாதக் குழந்தைபோல முகம் சுணங்கிப் போயிற்று, கேமராவைத் தொடவும் பிடிக்கவில்லை. இன்னும் ஒரே ஒரு படம், அதற்கும் விழவில்லையென்றால் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்தப் படத்தின் குரல் விளக்கத்தை பஷீர் அகமது கடையில் ஆள் இல்லாத நேரத்தில் முழுவதுமாகக் கேட்டார். அந்தக் குழு தொடங்கியதிலிருந்து குஞ்சிதபாதத்தின் விளக்கம் ஒன்றை ஒருவர் முழுவதுமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "இது ஒத்தை ஆண் வெளிமான். முறுக்குக் கொம்பைப் பாருங்க. பதினேழு நாள் இதுக்காகப் போய் உட்கார்ந்தேன். இன்னைக்குத்தான் திரும்பி நின்னு என்னையே பார்த்துச்சு. நீங்களும் ஒரு தடவை பாருங்க." கடைசி வரியில் குரல் கொஞ்சம் இறங்கியது. பஷீர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். படத்தில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு தீற்றல்தான் இருந்தது, இருந்தால் இருக்கட்டும் என்று ஹார்ட் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோப்புத்துறையில் பஷீர் வீட்டு வாசலில் அந்தத் தீற்றல் வந்து நின்றது. ஆட்டு உயரம் இருந்தது. மேலே கறுப்பு, கீழே வெளுப்பு, நடுவில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்துகொண்டிருந்தன. தலை இருக்க வேண்டிய இடத்தை யாரோ ஈரத் துணியால் துடைத்திருந்தார்கள். வாழை இலையைப் போட்டால் இலை குறைந்தது, எந்தப் பக்கத்தால் தின்கிறது என்று தெரியவில்லை. பஷீரின் மனைவி ஜமீலா தண்ணீர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? நான் எங்க வைக்கிறது?" என்று கேட்டாள். பஷீர் யோசித்து, எதற்கும் இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னார்.

செய்தி கேட்டு மரகதவல்லியும் குழுவில் பத்துப் பேரும் வந்தார்கள். குஞ்சிதபாதம் சைக்கிளில் பறந்து வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதன் எதிரே நின்றவர் அப்படியே கை குவித்துவிட்டார்.

"பார்த்தீங்களா? எவ்வளவு தெளிவா இருக்கு. கொம்பைப் பாருங்க, கொம்பை. இப்பவும் என்னையேதான் பார்க்குது."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள்கூடச் சிரிக்கவில்லை.

ஜமீலாதான் முதலில் புரிந்துகொண்டவள். உள்ளே போய்ப் பூனையைத் தூக்கிவந்து புருஷன் கையில் கொடுத்தாள். பஷீர் அதைத் தீற்றலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இது எங்க வீட்டுப் பூனை. இது ஒண்ணு, அது ஒண்ணு. ரெண்டுல உங்களுக்கு எது நல்லாத் தெரியுது?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. ஏன், பூனைக்கு என்ன?"

மரகதவல்லி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "பூனைக்கு ஒண்ணும் இல்லண்ணே. மானுக்குத்தான் மூஞ்சி இல்ல. நாலு மாசமா மாத்திரை அட்டையில இருக்கிற தேதியை என்னைப் படிக்கச் சொன்னீங்க. எழுத்தைப் பொடிசாப் போட்டுட்டானுங்கன்னு திட்டிக்கிட்டே நானும் படிச்சேன். மருந்துக் கடை வச்சிருக்கேன், எனக்கு உறைக்கல. லென்ஸுல ஒண்ணும் இல்லண்ணே. உங்க கண்ணுல புரை."

குஞ்சிதபாதம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ரெண்டு வருஷமா முப்பத்தொன்பது பேரும் ஹார்ட்டு போட்டீங்களே?"

"போட்டோம்ணே," என்றார் பஷீர். "பார்க்கல."

சைக்கிளை எடுத்தவர் அதில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்து போனார். பத்து நிமிடத்தில் குழுவில் ‘குஞ்சிதபாதம் வெளியேறினார்’ என்று ஒரு வரி வந்தது. இரண்டு வருஷமாக எதையும் முழுதாகப் படிக்காத முப்பத்தொன்பது பேரும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். அதற்கு என்ன போடுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரே சேர்ந்து செய்த தவறு என்பதால் யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை.

மற்ற விருந்தாளிகள் எல்லாம் முறை முடிந்ததும் வந்த இடத்துக்குப் போய்விட்டார்கள். இந்த வெளிமான் போகவில்லை. மறுநாள் காலை குஞ்சிதபாதத்தின் வீட்டு முருங்கை மரத்தடியில் நின்றது. வனக்காவலர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூஞ்சி இல்லாததை நான் எந்தக் காட்டுல கொண்டு விடுறது? மத்த மானெல்லாம் சேர்த்துக்காது" என்று நோட்டை மூடிக்கொண்டார். தையல்நாயகி முருங்கை இலையை ஒடித்துப் போட்டார். அங்கே வந்த பிறகு வேறு யார் போட்டாலும் அது தின்னவில்லை.

குழுவிலிருந்து ஒவ்வொருவராக ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, நாகப்பட்டினத்தில் நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, பத்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குஞ்சிதபாதம் மசியவில்லை. கண்ணில் கத்தி வைப்பது என்றால் அவருக்குக் குலை நடுங்கும், அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல், "அறுபத்து நாலு வருஷம் பார்த்தாச்சு. பார்த்து என்னத்தைக் கண்டேன்?" என்று தத்துவம் பேசினார். வெளிமான் போகிற வருகிற வழியில் சுவரில் முட்டிக்கொண்டது, அவர் நிலைப்படியில் முட்டிக்கொண்டார், தையல்நாயகி இரண்டு பேருக்கும் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார்.

ஒன்பதாம் நாள் காலை அந்த அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் எதிரில் நின்றார்.

"என்னங்க, உங்களுக்காகப் போக வேணாம். இந்த வாயில்லா ஜீவனுக்காகப் போயிட்டு வாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"உங்க கண்ணு வழியாத்தானே வந்துச்சு? உங்க கண்ணு தெளிஞ்சா அதுக்கும் ஒரு மூஞ்சி கிடைக்குமோ என்னவோ. நேத்து தண்ணித் தொட்டிக்குள்ள விழப் பார்த்துச்சு. எனக்குப் பாவமா இருக்குங்க."

அவர் எழுந்து வெளியே போய் முருங்கை மரத்தடியில் நின்று, அதன் முதுகு என்று தோன்றிய இடத்தில் கையை வைத்தார். கையின் கீழ் உயிர் துடித்தது. பதினேழு நாள் காத்திருந்து கூட்டிவந்த மான், அவரை நம்பித்தான் வந்தது.

"நீ வர வேணாம்," என்றார் உள்ளே பார்த்து. "நீ இல்லாட்டி இது பட்டினி கிடக்கும். பஷீர் வந்தா போதும்."

கட்டில்காரர் அய்யாக்கண்ணு எங்கிருந்தோ ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் குழுவில் இடம் இல்லையே தவிர, இருபத்திரண்டு வீட்டில் உறவு இருந்தது. வேன் ஏறும்போது பஷீர் குஞ்சிதபாதத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வலது கண்ணில் வேலை முடிந்த அன்று மத்தியானம் இங்கே முருங்கை மரத்தடியில் கொம்பு தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முறுக்கை எண்ணினார்கள், நான்கு என்றும் ஐந்து என்றும் சண்டை வந்தது. சாயங்காலம் காது வந்தது. மறுநாள் கட்டைப் பிரித்த நேரத்தில் ஈரமான கறுப்பு மூக்கும், வெள்ளை வளையத்துக்குள் இரண்டு கண்ணும் வந்தன, தையல்நாயகி அதன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, "அட, நீ இப்படித்தான் இருப்பியா" என்று சிரித்தார்.

வேன் தெருவுக்குள் நுழைந்தபோது குழுவே அங்கே இருந்தது. எல்லோர் கையிலும் போன். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வெளிச்சத்தில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும் ஓர் ஆண் வெளிமான் கோடியக்கரையில் எவருக்கும் கிடைத்ததில்லை. ஆனாலும் முதல் படம் குஞ்சிதபாதம்தான் எடுக்க வேண்டும், அதற்குமுன் யாரும் விரலை அசைக்கக் கூடாது என்று மரகதவல்லி உத்தரவு போட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு இறங்கியவர் கையில் அவரே கேமராவைத் திணித்தார்.

"அண்ணே, அதோ. சீக்கிரம், சீக்கிரம்."

குஞ்சிதபாதம் பார்த்தார். மானைத் தாண்டி, வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். கேமராவை பஷீரிடம் கொடுத்துவிட்டு மானைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், அந்த அம்மாளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார்.

"தையல், தலை எப்ப இப்படி வெளுத்துச்சு?"

"ரெண்டு வருஷமாச்சு. சாயம் போடுறதை விட்டுட்டேன்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்ற விஷயமா அது? மூணு வேளையும் உங்க எதிர்லதான் நின்னு பரிமாறினேன்."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தொன்பது பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்த மனிதர் இப்போது பார்க்காமலே இருந்த நாற்பதாவது ஆளைத் தனக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக பஷீர் பின்னாலிருந்து கத்தினார். போனைத் தூக்கி நின்ற அத்தனை பேரும் அவர்கள் இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மான் வேலியைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போனதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

தெருவே பார்க்கிறதே என்று தையல்நாயகிக்குக் கூச்சமாக இருந்தது. முன்னெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார்.

"ஏன் இப்படிப் பார்க்குறீங்க? நல்லா இருக்கா, இல்லையா, ஒண்ணைச் சொல்லிட்டு உள்ள வாங்க. சோறு ஆறுது."

"இரு," என்றார் குஞ்சிதபாதம். "இன்னும் பார்த்து முடியல."